இலக்கியாவோடு பார்த்த படமும் நீ சொல்லாத வார்த்தையும்

என் மங்கைக்கு,

நேற்று இலக்கியாவைச் சென்னையில் கல்லூரி விடுதியில் விட்டுவிட்டு வந்தேன். நம் மகள் சட்டம் படிக்கப் போயிருக்கிறாள். வீட்டைத் திறந்து விளக்கைப் போட்டபோது உன் படத்துக்கு முன்னால் நிற்கக் கூச்சமாக இருந்தது. முகம் பார்த்துச் சொல்ல முடியாததை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பங்குனியில், பரீட்சை முடிந்த வாரம், அவள் முதன்முதலாகக் கேட்டாள். நான் வயலில் உளுந்து பிடுங்கிவிட்டு வந்து கொல்லையில் கை கழுவிக்கொண்டிருந்தேன். "அப்பா, நான் சென்னைல லா படிக்கட்டுமா?" கும்பகோணத்திலேயே காலேஜ் இருக்கிறது, பஸ்ஸில் போய் வரலாம் என்றேன். அவள் விடவில்லை. நான் ஒன்று சொன்னால் அதற்கு ஒரு பதில் வைத்திருந்தாள். கடைசியில் என்னிடம் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. அப்போதுதான் அந்த வார்த்தை வாயில் வந்துவிட்டது.

"ஆஸ்பத்திரில உங்கம்மா கடைசியா என்கிட்ட சொன்னதே அதுதான். உன்னை வெளியூருக்கு மட்டும் அனுப்பக் கூடாதுன்னு சொல்லிட்டுத்தான் போனா."

நீ அப்படிச் சொல்லவே இல்லை. உனக்கும் எனக்கும் மட்டும்தான் அது தெரியும்.

அவள் "சரிப்பா" என்று உள்ளே போய்விட்டாள். அதற்குமேல் ஒரு கேள்வி இல்லை. எனக்கு அன்று நிம்மதியாக இருந்தது, மங்கை. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது.

நீ போன நாளிலிருந்து உன் பழைய வாயில் புடவையைப் போர்த்திக்கொண்டுதான் அவள் தூங்கினாள். நான் அந்தப் பொய்யைச் சொன்ன மறுநாள் அது மடித்துப் பீரோவுக்குள் போயிருந்தது. உன் படத்துக்குப் பூ வைப்பதையும் நிறுத்திவிட்டாள். எனக்குக் காரணம் தெரியாமலா இருந்தது? தெரிந்தும் நானே பூ வாங்கி வைத்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

ரிசல்ட் வந்தது. நல்ல மார்க். சந்தோஷப்படுத்தலாம் என்று கும்பகோணத்துக்கு சினிமாவுக்குக் கூட்டிப் போனேன். என்ன படம் என்று விசாரிக்காமல் டிக்கெட் எடுத்தேன். உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் அது ஒரு அம்மா, பொண்ணு கதை என்று தெரிந்தது. எழுந்து வரவும் முடியவில்லை.

மலையடிவாரத்து ஊரில் அம்மா ஆட்டோ ஓட்டுகிறாள். பதினேழு வயதுப் பெண், சிநேகிதிகள் முன்னால் அந்த ஆட்டோவில் ஏற வெட்கப்படுகிறாள். முடி வெட்டினால் சண்டை, போன் பேசினால் சண்டை. அப்பன் வெளிநாட்டில்; போனில் குரல் மட்டும் வருகிறது. என்னைப்போன்ற ஆளுக்கு அந்தப் படத்தில் அவ்வளவுதான் இடம். ஒரு இடத்தில் அந்தப் பெண் கத்துகிறாள்: "நான் பெரியவளாகவே கூடாது உனக்கு, அதானே?" அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே, "ஆமா, கூடாது" என்கிறாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது. தியேட்டரே சிரித்தது. நானும் சிரித்தேன். நீ இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பாய் என்று தோன்றியது.

இலக்கியா சிரிக்கவில்லை. திரையைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னாள்: "அந்தப் பொண்ணுக்கு சண்டை போட அம்மா இருக்கு. என்னைப் போக வேணாம்னு சொல்லிட்டு அம்மா போயிடுச்சு. நான் யார்கிட்ட போய் சண்டை போடுறது?"

அதற்குப் பிறகு படத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

என்னோடு என்றால் அவள் மோதியிருப்பாள். பத்து நாள் பேசாமல் இருந்து, பட்டினி கிடந்து, ஜெயித்திருப்பாள். அதற்குப் பயந்து உன்னைக் கொண்டுபோய் அவள் வழியில் நிறுத்தியிருக்கிறேன். பதில் பேச முடியாத உன்னை.

திரும்பி வரும்போது குடமுருட்டி ஆற்றுப் பாலத்தில் பைக்கை நிறுத்தினேன். மேட்டூரில் திறந்த தண்ணீர் அன்றுதான் அங்கே வந்திருந்தது. பார்க்க ஆட்கள் நின்றார்கள். அவர்களெல்லாம் போகும்வரை காத்திருந்து சொன்னேன்.

"அம்மா அப்படி சொல்லல பாப்பா. நான்தான் சொன்னேன்."

"எதை?"

"உன்னை வெளியூருக்கு அனுப்பக் கூடாதுன்னு."

அவள் என்னையே பார்த்தாள். "அப்ப அம்மா கடைசியா என்னதான் சொல்லுச்சு?"

"உன் தலைல பேன் இருக்கு, லீவு நாள்ல உக்கார வெச்சு சீவி விடுங்கன்னா. வேற ஒண்ணும் சொல்லல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே அழுகையாக மாறியது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தொடப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

"இத்தனை நாளா நான் அம்மாகூட பேசலப்பா" என்றாள். "அம்மா மேல அவ்வளவு கோவம். செத்துப்போனதுகிட்ட போய் கோவமா இருந்தேன்."

மங்கை, உன்னிடமிருந்து அவளை ஒரு தடவை நோய் பிரித்தது. இரண்டாவது தடவை நான் பிரித்தேன்.

பைக்கில் ஏற மாட்டேன் என்று நடந்தாள். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே வந்தேன். வீட்டுக்குள் போனதும் பீரோவைத் திறந்து உன் புடவையை எடுத்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டாள்.

விண்ணப்பிக்க இன்னும் நாள் இருந்தது. தானே உட்கார்ந்து அனுப்பினாள். இடம் கிடைத்த செய்தியை எனக்கு முன்னால் உன் படத்திடம்தான் போய்ச் சொன்னாள். சமையல்கட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என்னிடம் அளவாகத்தான் பேசுகிறாள். அது நியாயம்தான்.

நேற்று விடுதி வாசலில் பெட்டியை வாங்கிக்கொண்டு நின்றாள். "இனிமே அம்மா சொல்லுச்சு, அம்மா சொல்லுச்சுன்னு என்கிட்ட வராதீங்க. உங்களுக்கு என்ன தோணுதோ அதை நீங்களே சொல்லுங்க" என்றாள்.

"நீ போறது எனக்குப் பிடிக்கல. அந்த வீட்டுல தனியா இருக்க பயமா இருக்கு" என்றேன். "ஆனா போ."

 "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லப்பா" என்றாள். அவள் குரல் இளகியிருந்ததா, எனக்குத்தான் அப்படிக் கேட்டதா, தெரியவில்லை. உள்ளே போய்விட்டாள். போய்ச் சேர்ந்தீர்களா என்று ராத்திரி போன் வரவில்லை. இன்று காலையில் வந்தது. ஒரு நிமிஷம் பேசினாள்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்டால் நீ என்ன சொல்வாய்? அதையும் நானே யோசித்து எழுதிக்கொள்ளப் பார்த்தேன். கை நின்றுவிட்டது. வேண்டாம். உன் பெயரில் இனி ஒரு வார்த்தைகூட நான் பேச மாட்டேன். அம்மா இருந்தால் என்ன சொல்லியிருக்கும் என்று அவள் கேட்டாலும், எனக்குத் தெரியாது என்றுதான் சொல்வேன். அவள் சண்டை போட வந்தால் எதிரில் நான் நிற்பேன்.

உன் அத்தை மகன்,
இலக்கியாவின் அப்பா