ஸ்கூட்டரில் ஒட்டிய போர்ச்சுகீசியச் சொல்

மச்சி, எல்லாவற்றையும் நான் முன்கூட்டியே சொன்னேன். உன் ஸ்கூட்டர் உன்னைவிட அதிக நாள் ஓடும் என்றேன், ஓடுகிறது. உன் மகள் ரீட்டா கடல் தாண்டுவாள் என்றேன், தாண்டிவிட்டாள். நீதான் ஒன்றையும் நம்பவில்லை.

இன்று காலை மந்தைவெளி மெக்கானிக் அந்த ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டே, ஹேண்டில்பாருக்குக் கீழே நீ தமிழில் எழுதி ஒட்டிய சீட்டைக் காட்டி, "இன்னா சார் இது, 'கௌதெலா'ன்னு கீது? சாமி பேரா?" என்றான்.

"ஜாக்கிரதைன்னு அர்த்தம்பா. லத்தீன்லேர்ந்து வந்தது. ரோமாபுரியில தேர் ஓட்டுறவன் ஹாரனுக்குப் பதிலா இதைத்தான் கத்துவான்" என்று அளந்துவிட்டேன்.

"நம்மூரு ஆட்டோக்காரன் கத்துறத எழுதி ஒட்ட முடியாது சார்" என்றான்.

சிரிக்க வேண்டிய இடம். எனக்கு எரிச்சல்தான் வந்தது, உன்மேல். லிஸ்பனில் நர்ஸ் வேலைக்காக ரீட்டா அடையாறு வரை போய் போர்ச்சுகீசியம் படித்தாள். சாந்தோம் வீட்டுச் சுவரெல்லாம் சீட்டு ஒட்டி மனப்பாடம் செய்தாள். ஜன்னலுக்கு ஒரு சொல், அரிசிக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று. அத்தனையிலும் நீ பொறுக்கிக்கொண்டது இதை மட்டும்தான். போர்ச்சுகல், ஸ்பெயின், இத்தாலி, மூன்று இடத்திலும் இதே சொல், இதே பொருள், தாய் லத்தீன் என்று அவள் சொன்னதும் உனக்குத் தலைகால் புரியவில்லை. "பார்த்தியாடா, மூணு தேசத்துக்காரனும் ஜாக்கிரதையாத்தான் இருக்கான்!" என்றாய். எட்டாவதோடு நின்ற நானே அந்த ஒரு சொல்லில் மூன்று மொழி கற்றுவிட்டேன். நீ அதை கேஸ் சிலிண்டரில் ஒட்டினாய், மாடிப்படியில் ஒட்டினாய், கடைசியில் அவள் பயணப் பெட்டியின்மேலும் ஒட்டினாய்.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வேலை உறுதியாகிவிட்டது. நீயோ, "குளிர் ஊரு. தனியாப் பொண்ணு. கொஞ்சம் பொறு" என்றாய். லஸ் முனை சிக்னலில் பச்சை விழுந்தும் அடுத்த பச்சைக்காக நின்ற ஆள் நீ. "பச்சைன்னா போகலாம்னுதான்டா அர்த்தம், போயே ஆகணும்னு இல்ல" என்பாய். பின் சீட்டில் உட்கார்ந்து ஊர் வசவையெல்லாம் வாங்கியவன் நான். மகளையும் அப்படியே நிறுத்தி வைத்தாய். "அப்பா ஒரு தடவை சரின்னா போதும் மாமா. அவர் சொல்லாம போக மாட்டேன்" என்று என்னிடம் வந்து அழுதாள். நீ சொல்லவில்லை. நெஞ்சு வலித்தபோதுகூட, பொறுத்துப் பார்ப்போம் என்றுதான் படுத்துக் கிடந்தாய், பாவி.

அடக்கம் முடிந்ததும் அவள் அந்த வேலையே வேண்டாம் என்றாள். "அப்பாவுக்கு மனசில்லையே மாமா." அப்போதுதான் சொன்னேன்: "ஆஸ்பத்திரியில உங்கப்பா என் கையைப் பிடிச்சு, 'அவ போகட்டும்டா. பயந்தது நான்தான், அவ இல்ல'ன்னாரும்மா." போய்விட்டாள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிட்டு, "அப்பா சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க மாமா" என்கிறாள். சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நீளுகிறது. போன வாரம் நீ சிரித்தாய்கூட.

நீ அப்படி எதுவும் சொல்லவில்லை, மச்சி. நான் வந்து சேர்ந்தபோது உனக்கு நினைவே இல்லை. கை மட்டும் சூடாக இருந்தது. பிடித்துக்கொண்டவன் நான்தான்.