மைக்கில் ஏறாத குரல்

அக்டோபர் 11

இன்றும் என் குரல் போகவில்லை. என் கணவன் குபாத் பேசுவது எனக்குத் தெளிவாகக் கேட்கிறது. நான் பேசுவது அவனுக்குக் கேட்கவில்லை. கம்ப்யூட்டர் ஆட்டம் முடியும்வரை "இருக்கியா, இருக்கியா" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். இருக்கிறேன் என்று டைப் அடித்தேன்.

அக்டோபர் 12

ஹெட்போன் வயரில் மைக்கை அணைக்கும் குட்டி ஸ்விட்ச் ஒன்று உண்டு. அது சரியாகத்தான் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிக் கம்ப்யூட்டரின் முன்பக்கத் துளையில் செருகிப் பார்த்தேன். அதே கதை. நடுவில் அத்தை, "கெலின், சாய் ஊத்து" என்று கூப்பிட்டார். மருமகளை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள், பெயர் சொல்லி அல்ல. ஊற்றிவிட்டு வருவதற்குள் ஆட்டத்தில் எங்கள் டாங்கி எரிந்துகொண்டிருந்தது. "மருமகள் சாய் ஊத்தப் போனா படை காலி" என்று குபாத் சிரித்தான்.

அக்டோபர் 15

எழுதிவிடலாம், வேறு யாரிடம் சொல்ல. போன மாதக் கடைசியில் கரு கலைந்துவிட்டது. நான்காவது மாதம். குபாத்துக்குத் தெரியாது. அவன் எல்லை தாண்டி யெகதெரின்பூர்க்கில் ஒரு கிடங்கில் சரக்கு ஏற்றுகிறான். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியிலேயே அத்தை சொல்லிவிட்டார்: "இப்பச் சொன்னா வேலையைப் போட்டுட்டு ஓடி வந்துடுவான். குளிர் முடியட்டும், நானே பக்குவமாச் சொல்லிக்கறேன். நீ வாயைத் திறக்காத."

போனில் பேச்சென்றால் போன் அத்தையின் கையில், ஸ்பீக்கரில். இந்த விளையாட்டு நேரம்தான் எனக்கும் அவனுக்கும் மட்டுமானது. பிஷ்கெக்கில் ஒரு கம்ப்யூட்டர் கிளப்பில் எதிரெதிர் அணியில் உட்கார்ந்து ஒருவரையொருவர் திட்டித்தான் பழகினோம். நாரினுக்கு, இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது நான் கேட்டுக் கொண்டுவந்த சாமான் இந்தக் கம்ப்யூட்டர் ஒன்றுதான்.

டைப் அடித்து அனுப்பினால் என்ன? விரல் போகவில்லை. இதை எப்படி எழுத்தில்—

அழுகையும் வரவில்லை. சாப்பாட்டு நேரம் வந்தால் சாப்பிடுகிறேன்.

அக்டோபர் 18

சொல்லிவிட்டேன். அவன் தொட்டிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். அவன் கிடந்த பழைய மரத் தொட்டில் கொட்டகையில் இருக்கிறதாம், இறக்கித் துடைத்து வைக்க வேண்டுமாம். "குபாத், குழந்தை இல்ல. போயிடுச்சு" என்றேன்.

"இடது பக்கம் பாரு, வர்றான்" என்றான். கொஞ்சம் கழித்து, "ஏதாவது சொன்னியா? ஒண்ணும் கேக்கலடி."

ஒரு முறை சொல்லத்தான் என்னிடம் தெம்பு இருந்தது. அது அந்த மைக்கோடு போயிற்று.

அக்டோபர் 19

ரொட்டி சுட்டேன். தூங்கினேன்.

அக்டோபர் 23

ஹெட்போன் மைக்கை விட்டுவிட்டுக் கேமராவின் மைக்கைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டிருந்தது. மாற்றினேன். மைக்குக்கு அனுமதி கொடுத்திருக்கிறதா என்றும் பார்த்தேன், கொடுத்திருக்கிறது. எல்லாம் சரி. குரல் மட்டும் போகவில்லை.

அக்டோபர் 24

எர்னிஸிடம் கேட்டேன். அந்தப் பழைய கிளப்பை இன்றும் நடத்துகிறவன், சில நாள் எங்கள் அணியில் மூன்றாவது ஆளாகச் சேர்பவன். என் திரையை அவனுக்குக் காட்டி, மைக் சோதனையைத் திறந்து பேசினேன். ஒரு பட்டை பச்சையாக ஏறி, பாதியில் நின்று இறங்கியது. அதற்கு மேலே ஒரு கோடு.

"ஐசிரெக், உன் கம்ப்யூட்டருக்கு ஒரு வியாதியும் இல்ல" என்றான். "அந்தக் கோட்டைத் தாண்டினாத்தான் அது பேச்சு. கீழ இருந்தா சும்மா சத்தம்னு தள்ளிடும். நீ கிளப்ல கத்தின கத்துக்குப் பக்கத்துக் கடைக்காரன் சண்டைக்கு வந்தான். இப்ப அங்க யார் தூங்கறாங்க?"

யாரும் தூங்கவில்லை. அத்தை அடுத்த அறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வீட்டில் மருமகளின் குரல் சுவரைத் தாண்டக்கூடாது. யாரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை, அப்படித்தான் இருக்கிறது. ஆனால் என் குரல் இவ்வளவு இறங்கிவிட்டது எனக்கே தெரியாது. எப்போது இறங்கியது?

அக்டோபர் 26

கோட்டை அடிமட்டம்வரை இறக்கிவிட்டேன். குபாத் குதித்தான். "வந்துடுச்சு! டிவி கேக்குது. அடுப்புல கரி போடறது கேக்குது. அம்மா இருமறாங்க." பிறகு, "உன்னைத்தான் காணோம். எதாவது பேசு" என்றான்.

பனி பெய்கிறது என்றேன்.

நவம்பர் 2

இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

மாலையில் பக்கத்து வீட்டு சாய்ராகுல் அக்கா அத்தையைப் பார்க்க வந்தார். நான் சாய் ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்து விளையாட உட்கார்ந்தேன். கதவு சரியாகச் சாத்தவில்லை. மருமகளுக்கு எத்தனையாவது மாசம் என்று அக்கா கேட்டது காதில் விழுந்தது.

அத்தை டிவி சத்தத்தைக் குறைத்தார். அவர் சொல்லப் போகிறார் என்று அந்த நேரத்திலேயே தெரிந்துவிட்டது. என் விரல் வயரில் இருந்த ஸ்விட்சின் மேல் இருந்தது. ஒரு தட்டுத் தட்டினால் அணைந்துவிடும்.

தட்டவில்லை.

"கலைஞ்சுடுச்சு" என்றார் அத்தை. "யார்கிட்டயும் சொல்லாத. பையனுக்குத் தெரியாது. எப்படிச் சொல்றதுன்னு தெரியாம நான் தூக்கமில்லாமக் கெடக்கேன்."

எங்கள் டாங்கி நடுத்தெருவில் நின்றது. யாரோ சுட்டார்கள். எர்னிஸ், "ரெண்டு பேருக்கும் என்னாச்சு?" என்று கேட்டான்.

"அம்மா சொல்றது நெஜமா?" என்றான் குபாத்.

"ஆமா" என்றேன். அடுத்த அறையில் சாய்க் கிண்ணத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் பேச்சில்லை. அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் 3

அத்தை என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவரைத் தேடிப் போகவில்லை.

நவம்பர் 5

குபாத் போன் செய்தான். அத்தை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட்டார். கிளம்புகிறேன் என்றான். சரி என்றேன்.

நவம்பர் 9

குபாத் வந்துவிட்டான். வேலை போனது போனதுதான். அத்தை அவனைப் பிடித்துக்கொண்டு அழுதார், அவன் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தான். நான் சூப்பைச் சூடாக்கினேன். எனக்கு இன்னும் ஒன்றுமே தோன்றவில்லை. இதுவும் ஒரு நாள் என்பது போலத்தான் இருந்தது.

சாப்பிட்டபின் எங்கள் அறையில் வந்து உட்கார்ந்தான்.

"என்கிட்ட முன்னாடியே சொன்னியா?"

"சொன்னேன். நீ தொட்டிலைப் பத்திப் பேசிட்டிருந்த."

என் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். பிறகு, "இப்பச் சொல்லு, முதல்லேருந்து" என்றான்.

கதவைச் சாத்த எழுந்தேன். வேண்டாம் என்று தோன்றியது, அப்படியே விட்டுவிட்டேன். முதல் வலி வந்த காலையிலிருந்து தொடங்கினேன். ஆஸ்பத்திரிக் கட்டில்வரை வந்தபோது அழுகை வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொள்ளவில்லை. வீடு முழுக்கக் கேட்டிருக்கும்.