ஒரே கணினியில் இரண்டு நேரம்

சான் க்ரிஸ்பின், நவம்பர் 24

அன்பு மகள் லிட்ஸிக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பால் சுகமாக இருக்கிறோம், நீயும் ஸ்பெயினில் அந்த ஸரகோஸா குளிரில் காய்ச்சல் சளி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறோம். பத்து நாளாகத் தொலைபேசியை எடுக்கவில்லையே என்று நீ பதறியிருப்பாய். இங்கே தொலைபேசிக் கோபுரம் சுரங்கக் கம்பெனியுடையது, அதில் பேசுவதை யார் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது, அதனால்தான் பேனா எடுத்தேன். எர்மினியா டீச்சரின் தங்கை ஓருரோவுக்குப் போகிறாள், அங்கே தபாலில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள். இந்த வருஷம் மழை மூன்று வாரம் முந்திவிட்டது. இறந்தவர்கள் திருநாளுக்கு அம்மா சுட்ட ரொட்டிப் பொம்மைகள் ஈரத்தில் பூசணம் பிடித்தன, வெயிலில் போட்ட உருளைக்கிழங்கும் அழுகியது. மனசைத் திடப்படுத்திக்கொண்டு, உட்கார்ந்து இதைப் படி.

சுரங்கக் கழிவுச் சேற்றைத் தேக்கும் அணையின் காவல் அறையில் இருந்த அந்தக் கணினியை நீதான் சரி செய்து கொடுத்தாய். கம்பெனி புது சிஸ்டம் வேண்டும் என்றது, ஆனால் அணைக்குள் புதைத்த இருபத்திரண்டு குழாய்களின் அளவை வாங்கும் பெட்டி பழைய சிஸ்டத்தோடு மட்டும்தான் பேசும், அதனால் நீ பழையதை அழிக்காமல் பக்கத்திலேயே புதியதையும் போட்டாய். கணினியைப் போட்டதும் கறுப்புத் திரையில் இரண்டு பெயர் வரும், எது வேண்டும் என்று கேட்கும். காலையில் பழையதைத் திறந்து குழாய்களின் அளவை வாங்கிச் சேமிப்பேன், பிறகு அணைத்துப் போட்டுப் புதியதைத் திறப்பேன், அது அந்த அளவுகளை எடுத்துப் படம் போட்டு லா பாஸில் இருக்கும் அலுவலகத்துக்கு அனுப்பும். அணைக்குள் தண்ணீர் அழுத்தம் சரியாக இருந்தால் பச்சை, ஏறினால் மஞ்சள், அதற்கும் மேலே சிவப்பு. நாலு வருஷம் ஒரு குறையும் இல்லை. செப்டம்பரில் இஞ்சினியர் ஓல்மோஸ் ஆட்களைக் கூட்டி வந்து புது சிஸ்டத்தில் என்னவோ புதுப்பித்தார். இனிமேல் பழையதில் அளவை வாங்குவதோடு நிறுத்திக்கொள், அதில் இருக்கும் படத்தைத் திறந்து பார்க்காதே, இரண்டு படம் இருந்தால் இரண்டு பேச்சு வரும் என்று உத்தரவு போட்டார். நானும் கேட்டுக்கொண்டேன், மகளே. ஐந்து வாரம் பச்சையைப் பார்த்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்து சூப் குடித்தேன்.

அக்டோபர் பதினான்காம் தேதி மின்சாரம் போய் வந்ததில் புது சிஸ்டம் திறக்க மறுத்தது. சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் பழையதில் இருந்த படத்தைத் திறந்தேன். ஏழாம் குழாயின் கோடு செப்டம்பரிலிருந்து ஏறிக்கொண்டே வந்து சிவப்புக்கு ஒரு விரல் கீழே நின்றது. மத்தியானம் புது சிஸ்டம் எழுந்ததும் ஏழாம் குழாயைத் தேடிப் பார்த்தேன், பச்சை. அதில் இருந்த எண்ணை என் நோட்டில் பார்த்தால் செப்டம்பர் எட்டாம் தேதியின் எண், அதே தசமப் புள்ளியோடு. ஐந்து வாரமாக ஒரே எண்ணைத்தான் அது காட்டிக்கொண்டிருந்தது. மேசை இழுப்பறையில் நீ கைப்பட எழுதி வைத்துப் போன தாளை அன்றைக்குத்தான் முழுசாகப் படித்தேன். ஆறாவது வரியில் எழுதியிருந்தாய்: புது சிஸ்டம் கணினியின் கடிகாரத்தை லண்டன் நேரத்துக்கு வைத்துக்கொண்டு அதிலிருந்து நாலு மணி நேரம் குறைத்து நமக்கு நம் நேரத்தைக் காட்டும், பழையது அந்தக் கடிகாரத்தை அப்படியே நம்பிவிடும், இரண்டும் ஒத்துப்போக ஒரு மாற்றம் செய்திருக்கிறேன், யாரும் அதில் கை வைக்கக் கூடாது என்று. புதுப்பிக்க வந்தவர்கள் கை வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து நான் காலை எட்டு மணிக்கு வாங்கிய அளவின் மேல் பழையது பன்னிரண்டு மணி என்று முத்திரை குத்தியிருக்கிறது, ஒன்பது மணிக்கு எழும் புதியது இன்னும் வராத நேரத்தின் அளவு என்று அதைத் தள்ளிவிட்டுக் கடைசியாக நம்பிய எண்ணையே காட்டியிருக்கிறது. பழையதன் ஓரத்தில் மணி தப்பாக இருந்ததை நான் பல தடவை பார்த்திருக்கிறேன், லிட்ஸி. பேட்டரி தீர்ந்திருக்கும் என்று நினைத்து விட்டுவிட்டேன். இதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

மறுநாளே ஓல்மோஸிடம் போய்ச் சொன்னேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. “பெரியவரே, அது செத்துப்போன சிஸ்டம். செத்தவன் பேச்சைக் கேட்டு சுரங்கத்தை மூடச் சொல்றீங்களா?” என்றார், பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சரி, கணினியே வேண்டாம் என்று நானே அளவு நாடாவில் ஈயக் குண்டைக் கட்டி ஏழாம் குழாய்க்குள் இறக்கினேன். குளிர்காலத்தில் பதினான்கு மீட்டர் இறங்கினால்தான் தண்ணீர் தொடும், இப்போது ஒன்பதிலேயே தொட்டது. பழையது சொன்னதும் அதேதான். நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன், நாடா நனைந்தால் நீளும் என்றார். கணினி சோதிக்கும் ஆள் டிசம்பரில் வருவார், அதுவரை வாயைத் திறந்தால் வேலை இருக்காது என்றும் சொன்னார்.

வேலையைப் பற்றி யோசிக்காமல் இல்லை. ஆனால் அணைக்குக் கீழே ஓடைக் கரையில் தாழ்வாக இருப்பது பள்ளிக்கூடம், அதில் நூற்றுப் பத்து பிள்ளைகள். எர்மினியா டீச்சரிடம் போய் நோட்டை விரித்தேன். எப்போது உடையும் என்று கேட்டாள், தெரியாது என்றேன், உடையாமலே போகலாமா என்றாள், போகலாம் என்றேன். “கூரை ஒழுகுதுன்னு சொல்லி மேல கோயில் கூடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். திட்டுறவங்க என்னைத் திட்டட்டும்” என்றாள். நவம்பர் மூன்றாம் தேதி பெஞ்சுகளை மேலே ஏற்றினோம். இறைச்சிக் கடையில் அம்மாவைப் பார்த்து, உன் புருஷனுக்கு இன்றைக்குக் கனவு வரவில்லையா என்று கேட்டார்களாம். வீட்டுக்கு வந்து, “ஊரே சிரிக்குது, நீங்க சொன்னது நடக்கலைன்னா எப்படி தலை நிமிர்ந்து நடக்குறது?” என்றாள். நடந்துவிட்டால் எப்படி நடப்பது என்று கேட்டேன்.

இனிமேல் எழுதுவதுதான் கஷ்டம். அணையின் அடியில் பம்பு அறையில் வேலை பார்த்தது உன் ஞானத்தகப்பன், என் கும்பாத்ரே சாத்தூர்னினோ. அவனிடம் நான் மூன்று தடவை போனேன். மூன்றாவது தடவை மெல்ல வைத்திருந்த கொக்கா இலையில் பாதியை எனக்குக் கொடுத்துவிட்டு, அவன் மேசையில் இருந்த சின்னத் திரையைக் காட்டினான். புது சிஸ்டம் போடும் படம் அவனுக்கும் வரும். “இங்க பாரு கும்பாத்ரே, பச்சைதான் எரியுது. இது மஞ்சளானா நான் உனக்கு முன்னாடி ஓடுவேன்” என்றான். அவன் என்னைக் கேலி செய்யவில்லை, என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தான்.

பன்னிரண்டாம் தேதி, புதன்கிழமை, காலை பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் அணையின் வலது மூலை உட்கார்ந்தது. பெரிய சத்தம் இல்லை, லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரிதான். நான் மேலே நின்று பார்த்தேன், சாம்பல் நிறச் சேறு அவசரமே இல்லாமல் நடந்து போனது. பள்ளிக்கூடத்தில் ஜன்னல் உயரத்துக்கு நின்றது. பிள்ளைகள் கோயில் கூடத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள், ஒருவருக்கும் கீறல் இல்லை. ஓடைக் கரை வீடுகளில் இருந்தவர்கள் ஓடித் தப்பினார்கள். பம்பு அறை இருந்த இடம் தெரியவில்லை. சாத்தூர்னினோவை மூன்றாம் நாள் எடுத்தோம், அழாதே என்று சொல்ல மாட்டேன், அழுதுவிடு. அவன் மனைவி என்னிடம், “நீங்க அவரைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்திருக்கணும்” என்றாள். அந்த நேரத்தில் லா பாஸ் அலுவலகத்துத் திரையிலும் பச்சைதான் எரிந்ததாம்.

இப்போது உன்னைப் பற்றி. வெள்ளிக்கிழமை கணினியைப் பெட்டியோடு எடுத்துப் போய்விட்டார்கள். ஒரே கணினியில் இரண்டு சிஸ்டம் வைத்ததால்தான் கடிகாரம் குழம்பியது, அதைப் போட்டது காவலாளியின் மகள், கம்பெனிக்கு அதில் பொறுப்பு இல்லை என்று ஓல்மோஸ் விசாரணையில் சொல்லியிருக்கிறார். யாராவது உன்னைக் கூப்பிட்டு அன்பாகப் பேசினால் ஒன்றுக்கும் பதில் சொல்லாதே, எதிலும் கையெழுத்துப் போடாதே. நீ எந்தத் தேதியில் என்ன செய்தாய், கடிகாரத்தை எப்படிச் சரி செய்தாய் என்று உன் கையால் எழுதி, அங்கே ஒரு நோட்டரி முன்னால் கையெழுத்திட்டு டீச்சர் பெயருக்கு அனுப்பு, என் பெயருக்கு வேண்டாம். நீ எழுதிவைத்த தாளின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். அசல் எங்கே இருக்கிறது என்று எழுத மாட்டேன், அம்மாவுக்குக்கூடத் தெரியாது. இரண்டு நாளாக நம்பர் இல்லாத வெள்ளை வண்டி ஒன்று நம் தெரு முனையில் நிற்கிறது. வண்டியில் இருப்பவர்கள் இறங்குவதில்லை, நான் போனால் மரியாதையாக வணக்கம் சொல்கிறார்கள்.

அம்மா அப்படியே இருக்கிறாள், கொஞ்சம் மெலிந்திருக்கிறாள். உன் அறையை ஓடைக் கரை வீட்டுக் குடும்பத்துக்குக் கொடுத்திருக்கிறோம், கோபித்துக்கொள்ள மாட்டாய் என்று தெரியும். நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. கிறிஸ்துமஸுக்கு டிக்கெட் எடுத்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு, இந்த வருஷம் வர வேண்டாம். உடைந்தது வலது மூலை மட்டும்தான், மீதி அணை நிற்கிறது, ஆபத்து முடிந்தது என்று எழுதி ஒட்டிவிட்டார்கள், சேற்றை வழித்துவிட்டு அடுத்த திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தைக் கீழேயே திறக்கச் சொல்லி டீச்சருக்கு ஓலை வந்திருக்கிறது. திறக்க மாட்டேன் என்று அவள் நிற்கிறாள், எத்தனை நாள் நிற்க முடியும் என்று தெரியவில்லை. எனக்கு அணைக்குள் போகத் தடை, ஆனாலும் ஆடு மேய்க்கிற பாதை வழியாகத் தினமும் போய் இடது பக்கத்தில் ஒன்பதாம் குழாயில் நாடா இறக்கிப் பார்க்கிறேன். சனிக்கிழமை பதினொரு மீட்டர் எழுபதில் தண்ணீர் தொட்டது, நேற்று பதினொன்று நாற்பது, இன்று காலை பத்து தொண்ணூறு.

சுரங்க மாதா உன்னைத் தன் போர்வைக்குள் வைத்துக் காக்கட்டும், எங்கள் இருவர் ஆசியும் உன் தலை மேல் இருக்கும். அந்த நோட்டரி காரியத்தை மட்டும் தள்ளிப் போடாதே.

உன் அப்பா,
நிகனோர் கொண்டோரி