சாயந்திரமே மூடிய லாகின்

நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டியின் கதவைத் திறந்ததும் சூடேறிய தூசியின் வாசம் முகத்தில் அடித்தது. நீ இருந்திருந்தால் அடுக்கடுக்காகத் தும்மியிருப்பாய். புதுக்கோட்டையில், நம் மருத்துவமனையின் கணினி ஒயர்கள் எல்லாம் வந்து சேரும் இந்தப் பெட்டிக்கு முன்னால் நீயும் நானும் எத்தனை வருடம் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறோம்!

அப்போதெல்லாம் பழுது பார்க்க வெளிக் கம்பெனியிலிருந்து யார் வந்தாலும் நம்முடைய பாஸ்வேர்டையே சொல்லிவிடுவது வழக்கம். உனக்குத்தான் அது பொறுக்கவில்லை. வருகிறவருக்கு ஸ்விட்சிலேயே தனிப் பெயரும் பாஸ்வேர்டுமாக ஒரு தற்காலிக லாகின், நேரம் முடிந்ததும் அது தானாக மூடிக்கொள்ள வேண்டும் என்றாய். மேனேஜர் சிரித்தார்.

“ஒரு மணி நேர வேலைக்குத் தனி லாகினா? ஒங்க ரெண்டு பேருக்கும் வேற வேலை இல்லையாம்மா?”

“வேலை முடிஞ்சா ஆளு போயிருவாரு சார். பாஸ்வேர்டும் அவருகூடவே போகுமுல்ல?” என்று கேட்டாய்.

அவர் கையை விரித்துவிட்டு நகர்ந்தார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு, அன்றைக்கே பழைய பாஸ்வேர்டை மாற்றிவிட்டாய். வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். “இது என்ன ஒங்க வீட்டுச் சொத்தா?” என்று ஒருவர் கேட்டே விட்டார். “உள்ள படுத்திருக்கவங்க சொத்து” என்றாய்.

பிறகு நீ தஞ்சாவூரில் சிகிச்சைக்குப் படுத்துவிட்டாய். அந்த நாட்களில்தான் ஒரு காலை, வெளி நோயாளிகள் வாசல்வரை நிற்க, மேனேஜர் வேர்த்து வடிய ஓடிவந்தார். கம்பெனி ஆள் ஒருவரின் லேப்டாப்புக்குள் யாரோ புகுந்து, அதிலிருந்த பாஸ்வேர்டுகளை எல்லாம் எடுத்துவிட்டார்களாம். அவர் வேலை பார்த்த இன்னொரு மருத்துவமனையில் லேப் ரிப்போர்ட்கூடக் கொடுக்க முடியவில்லையாம்.

“நம்மளதும் போச்சாம்மா?”

ஸ்விட்சின் பதிவுகளைத் திறந்தேன். அந்தக் கம்பெனி ஆளுக்கு நீ கொடுத்திருந்த லாகின் பெயரில் யாரோ திரும்பத் திரும்ப முட்டிப் பார்த்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் அனுமதி மறுக்கப்பட்டிருந்தது.

“போகல சார். அவரு வந்த அன்னைக்குச் சாயந்திரமே அந்த லாகின் மூடிருச்சு. அவ வச்சது சார்.”

உடனே உனக்குப் போன் போட்டேன். தீனமான குரலில் பேச ஆரம்பித்தவள், விஷயத்தைக் கேட்டதும் “பாத்தியாடி! பாத்தியா!” என்று கத்தினாய். நர்ஸ் அதட்டுவது எனக்கே கேட்டது.

“அந்த மனுசங்கிட்டக் குடுடி போனை.”

கொடுத்தேன். “நீ ஜெயிச்சிட்டம்மா” என்றார் அவர். “எனக்குத் தெரியும் சார்” என்றாயாம்.

அடுத்த தை மாதம் நீ போய்விட்டாய்.

இன்றைக்குத் திருச்சியிலிருந்து வந்த புதிய ஆள் நம் பாஸ்வேர்டைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் முந்திக்கொண்டார்: “தனி லாகின்தான் தம்பி. சாயந்திரம் மூடிரும். இங்க அதான் வழக்கம்.” பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு சிரித்தேன்.

மேனேஜரிடம் சண்டைக்குப் போனால் நீ நாற்காலியில் உட்காரவே மாட்டாய். நானும் இப்போது அப்படித்தான். நம் மருத்துவமனை மருந்துக் கடையில் இன்னமும் எல்லாரும் ஒரே பாஸ்வேர்டில்தான் கணினியைத் திறக்கிறார்கள். போன வாரம் அதைப் பேசப் போனேன். மேனேஜர் நாற்காலியைக் காட்டினார்.

“இருக்கட்டும் சார், நின்னுக்கிட்டே சொல்றேன்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “சரிம்மா, செஞ்சுருவோம்” என்றார்.

நான் இன்னும் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை.