மெர்சியின் ரத்தத்தை மூடிய விரல்கள்

புதன்கிழமை, ராத்திரி.

இன்று விழுப்புரத்தில் என் மகள் மெர்சிக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருந்தபோது டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவங்க எழுதிக் கொடுத்த ஜிங்க் மாத்திரையை மூன்று வாரமாக நான் பிள்ளைக்குக் கொடுக்கவே இல்லை.

போன தடவை அவங்கதான் மெர்சிக்கு இருக்கிற தலசீமியா என்ற ரத்த நோயை விளக்கினாங்க. வயிற்றில் இருந்தவரை ஒரு மரபணு மெர்சிக்கு ரத்தத்தை நன்றாகவே ஊற வைத்ததாம். பிறந்த பிறகு அந்த மரபணுவை ஒரு புரதம் மூடிவிடும், எல்லோருக்கும் அப்படித்தானாம். அடுத்து வேலை செய்ய வேண்டிய மரபணு இவளுக்குப் பழுது. மூடுகிற புரதத்துக்கு விரல்கள் உண்டாம், ஒவ்வொரு விரலிலும் ஜிங்க். ஜிங்க் போகாவிட்டால் அந்த விரல்களின் பிடி தளர்ந்து பழைய மரபணு திறந்துகொள்ளும் என்று நானாக முடிவு பண்ணிவிட்டேன். என் புத்தியை என்ன சொல்ல.

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டாங்க. "ஏம்மா, விரல் வச்ச புரதம் உடம்புல நூத்துக்கணக்குல இருக்கு. மாத்திரைய நிறுத்தினா பொண்ணோட வளர்த்திதான் நிக்கும். அந்த ஒரு புரதத்த மட்டும் ரத்தத்துல அடக்குற வைத்தியம் வெளிநாட்ல வந்துடுச்சு. இங்கயும் வரும்."

திண்டிவனத்தில் வீடு வந்து சேர்ந்ததும் முதல் வேலையாக மாத்திரையைக் கொடுத்தேன். "வயித்துல இருந்தப்போ ஒனக்கு நல்ல ரத்தம் இருந்துச்சாம்டி" என்றேன்.

"அப்போ யாரும்மா ரத்தம் குடுத்தாங்க?"

"யாரும் குடுக்கல. நீயேதான் ஊற வச்சிக்கினு இருந்த."

எட்டு வயதுப் பிள்ளை, பிளாஸ்திரி ஒட்டின கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்படி ஊற வைக்கிறது இன்னும் உள்ள இருக்குதா?"

இருக்குது என்றேன்.

அந்தக் கை இப்போது என் இடது கைக்குள் தூங்குகிறது.