ரேணுகா கூவவைத்த சேவல்

மரக்காணம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் அருள்மொழிக்கு அப்பா எழுதுவது. அந்த ஊர்க் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் மூன்று பேரும் சௌக்கியம், வெயில்தான் உப்பள வரப்பில் கால் வைக்க விடவில்லை. இந்தச் சேதியைச் சொல்ல இரண்டு தடவை உனக்கு போன் போட்டேன், நீ எடுப்பதற்குள் எனக்கே சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன், எழுதியதைப் போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்.

உன் தங்கச்சி ரேணுகாவுக்குப் பயிற்சி கொடுக்க வியாழக்கிழமை தோறும் தெரபிஸ்ட் ஜான்சி மேடம் வருகிறார் இல்லையா, போன மாதம் என்னைப் பிடித்துக்கொண்டார். இவளுக்கு விரல் மடங்காது, பொம்மையின் பொடி சுவிட்சைத் தள்ள முடியாது, ஆனால் வலது முழங்கை நன்றாக அசைகிறது, "நீங்க மோட்டார் மெக்கானிக்தானே அங்கிள், சுவிட்ச வெளிய எடுத்துப் பெருசா பண்ணிக் குடுங்க" என்றார். நாலு பொம்மையை முன்னால் வைத்தார். ரயில், கார், நாய் எதையும் ரேணுகா சட்டை செய்யவில்லை, கூவுகிற சேவலைத்தான் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

உப்பளத்து மோட்டாரையே பிரித்துப் போடுகிறவனுக்குச் சேவல் ஒரு வேலையா என்று வயிற்றைத் திறந்தேன். உள்ளே ஒயர் தலைமுடி கனம்கூட இல்லை. முதல் தடவை மாற்றிப் பற்றவைத்துவிட்டேன், சேவல் நிறுத்தாமல் கூவுகிறது. உன் அம்மா அதைத் தூக்கி அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினாள், உள்ளேயிருந்தும் கூவுகிறது! இரண்டாம் தடவைதான் சரியாக வந்தது. காலிங் பெல் சுவிட்ச் மேல் டிபன் பாக்ஸ் மூடியை ஒட்டி, ஒயரை நீட்டி, வீல்சேர் பலகையில் ரேணுகா முழங்கைக்கு நேராகத் திருகினேன். அழுத்தினாள், கூவியது. திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள், சேவலைப் பார்த்தாள், மறுபடி அழுத்தினாள். பத்தொன்பது வயதில் அவளாக ஒரு காரியம் செய்தது அதுதான் முதல் தடவை. உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தாள், அருளு. அம்மா அழுதாள், நான் வேலை இருப்பதுபோல வெளியே போய்வந்தேன்.

இனிமேல்தான் கூத்தே. வெள்ளிக்கிழமை பிரம்மதேசத்திலிருந்து உன் அத்தை பாப்பாத்தி வந்தாள். வழக்கம்போல ரேணுகா தலையைத் தடவி, "பாவம், இதுக்கு ஒண்ணும் புரியாது" என்றாள். கொக்கரக்கோ! அத்தை நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். பிறகு தன் மருமகளைப் பற்றி அரைமணி நேரம் பேசினாள், ரேணுகாவின் முழங்கை அசையவே இல்லை. "ஒண்ணும் புரியாத புள்ளய வச்சிக்கினு நீங்க படுற பாடு" என்று ஆரம்பித்தாளோ இல்லையோ, கொக்கரக்கோ! அத்தைக்குச் சந்தேகம் வந்துவிட்டது. குரலை இறக்கி, இவளையே பார்த்துக்கொண்டு, "ஒண்ணும் பு" என்றாள். முடிக்க விடவில்லை, சேவல் கூவிவிட்டது. காபி அத்தை புடவையில். "அடிப் பாவி மவளே, இத்தினி நாளா எல்லாத்தையும் கேட்டுக்கினுதான் இருந்தியா?" என்று கட்டிப்பிடித்துக்கொண்டாள். சாயங்காலம் பஸ் ஏறும்வரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, எல்லாம் இவளோடுதான். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை, நடுவில் ஒன்று சுருக்கென்றது. இவளுக்கு ஒன்றும் புரியாது என்று டாக்டர் சொன்னதை நாமும் பாதி நம்பிவிட்டோம், அவள் காதுபட என்னென்ன பேசியிருப்போம்.

இப்போது ஜான்சி மேடம் குரல் பதிகிற பொத்தான்கள் மூன்று கொடுத்திருக்கிறார், அழுத்தினால் பதிந்ததைப் பேசுமாம். அம்மா பேசிக் காட்டினாள், இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் குரலுக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். அக்கா குரல் வேணுமா என்று மேடம் கேட்டதும் கை கால் எல்லாம் ஆடியது. அதனால் இந்த மூன்றையும் நீ பேசி அனுப்பு: "எனக்கு வேணும்." "போதும், விடுங்க." "என்னையும் கேளுங்க." நியூஸ் வாசிப்பதுபோல வேண்டாம், வீட்டில் எங்களோடு சண்டை போடுகிற குரலில் பேசு.

எந்தக் குறையும் அண்டாமல் நீங்கள் இருவரும் நிறைவாக வாழ வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. புதன்கிழமைக்குள் குரலை அனுப்பிவிடு, மறந்துவிடாதே, உன் தங்கச்சி பேசக் காத்திருக்கிறாள்.

என்றும் உன் நினைவாக,
அப்பா சிவஞானம்