நான்காவது வரி

பெப்ரவரி 9, ஞாயிறு

பூசை முடிந்து கோயில் வாசலில் கிறேசம்மா எல்லோருக்கும் சொன்னது பிழை. நான் குறிகட்டுவானில் மயங்கி விழவில்லை. இறங்குதுறைப் படியில் உட்கார்ந்தேன். சேலைத் தலைப்பை ஒதுக்கி, கைப்பையை மடியில் வைத்து, முறையாக உட்கார்ந்தேன். மயங்கி விழுகிறவள் கைப்பையைப் பார்ப்பாளா? யாழ்ப்பாணத்தில் ஸ்கான் எடுத்துவிட்டு வந்த களைப்பு, அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் உண்மை. உட்கார்ந்திருந்தபோது கடல் வெகுதூரம் விலகிப் போனது போலவும், நெடுந்தீவுப் படகை வானத்தில் கட்டியிருப்பது போலவும் தெரிந்தது. அழகாக இருந்தது. அதைக் கிறேசம்மாவுக்கு ஏன் சொல்ல வேண்டும்? பக்கத்து வீடு என்றால் எல்லாமா சொல்வது?

பெப்ரவரி 13

எங்கள் தீவு ஆஸ்பத்திரி டொக்டர் நிலாந்தி வீட்டுக்கே வந்தார். அவரும் வேறு சில வைத்தியர்களும் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்திருக்கிறார்களாம். அதன் பணிக்கூற்றும் விழுமியங்களும் ஆங்கிலத்தில் ஏழு வரி. தமிழில் எழுதி, கண்ணாடி போட்டு, ஆஸ்பத்திரிச் சுவர்களில் மாட்டப் போகிறார்கள்.

"உங்களை விட்டா ஆர் ரீச்சர் இதைச் சரியா எழுதுறது?"

முப்பத்தெட்டு வருடம் ஆங்கிலம் படிப்பித்தவளுக்கு இது புகழ்ச்சி இல்லை, தகவல். ஒப்புக்கொண்டேன். ஸ்கான் முடிவு என்னவென்று கேட்டேன்.

"சின்னப் புண் ரீச்சர். குளிசை தாறன்."

கைப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டு சொன்னார்.

பெப்ரவரி 18

மூன்று வரி முடிந்தது. மூன்றாவது, தூரத்து ஊர்களுக்கும் மனமுவந்து போவோம் என்பது. நெடுந்தீவுக்கு மாற்றம் கிடைத்து அழுத டொக்டர்மாரை எனக்குத் தெரியும். அந்த வரியைக் கொஞ்சம் அழுத்தியே எழுதினேன்.

நான்காவது: நோயைப் பற்றிய உண்மையை நோயாளிக்கே முதலில் சொல்வோம்.

அதைப் பார்த்தபடியே மேசையில் கண்ணயர்ந்துவிட்டேன். கனவில், காலமான என் கணவர். படகில் நாங்கள் இருவர் மட்டும். இயந்திரச் சத்தம் இல்லை. முழங்காலளவு தண்ணீர், அடியில் கடற்பாசி எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து எங்களோடு வந்துகொண்டிருந்தது. அவர் வெள்ளைச் சேர்ட் போட்டிருந்தார்.

"எத்தினை மணிக்குப் போய்ச் சேருவம்? உமக்குத் தெரியுமோ?"

நான் கைப்பைக்குள் எதையோ தேடினேன்.

பெப்ரவரி 24

கிறேசம்மா நண்டுக் குழம்பு கொண்டுவந்தாள். உப்புக் கூட என்றேன். "ஓம் அக்கா, கூடித்தான் போச்சு" என்றாள். முப்பது வருடத்தில் அவள் ஒப்புக்கொண்ட முதல் குற்றம்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் ரொறன்ரோவிலிருந்து போன் எடுக்கிற என் மகன் அன்ரனிதாஸ் இப்போது நாள்தோறும் எடுக்கிறான். "ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ அம்மா" என்கிறான். நான் பயப்படுவதாக யாரிடம் சொன்னேன்?

பெப்ரவரி 25

எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் —

மார்ச் 5, விபூதிப் புதன்

நெற்றிச் சாம்பலோடு கோயிலிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"சுவாமியார் இப்ப என்ரை நெற்றியிலை பூசி, நீ மண், மண்ணுக்குத்தான் திரும்புவாய் எண்டு முகத்துக்கு நேரை சொன்னவர். என்ரை மகனிட்டைக் கேட்டிட்டோ சொன்னவர்?"

டொக்டர் கைப்பையை எட்டி எடுத்தார், பிறகு கீழே வைத்தார்.

"மகன் கெஞ்சினவர் ரீச்சர். அம்மா தாங்கமாட்டா எண்டவர்."

தாங்கமாட்டாவாம்! நான் என்ன கண்ணாடிக் கிளாசோ?

தாளை மேசையில் வைத்தேன். ஆறு வரி. நான்காவது இடம் வெறுமை.

"அதை முதல் செய்யுங்கோ. பிறகு எழுதித் தாறன். செய்யாததைச் சுவரிலை கொழுவ நான் தமிழ் தரமாட்டன்."

பின்னேரம்

வென்றுவிட்டேன் என்றுதான் வெளியே வந்தேன். வராந்தாவைத் தாண்ட முடியவில்லை. வாங்கில் உட்கார்ந்தேன்.

பதினொரு வருடத்துக்கு முன் அதே வாங்கின் பக்கத்தில் நின்று, அப்போதிருந்த டொக்டரிட்டை, "அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ, மனுசன் தாங்காது" எண்டு கேட்டது ஆர்? நான்தானே. கடைசி மாதம் அவர் என்னைக் கேட்டவர், "உமக்கு ஏதும் தெரியுமோ?" எண்டு. தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ எண்டனான். குடித்தார். பிறகு ஒருநாளும் கேட்கவில்லை.

அவருக்காகவோ மறைச்சனான்? எனக்காகவோ?

மார்ச் 9, ஞாயிறு

டொக்டர் வந்தார். கதிரையை இழுத்து எனக்கு நேரே போட்டார். கைப்பை கொண்டுவரவில்லை.

கணையத்தில் கட்டி. ஈரலுக்கும் பரவிவிட்டது. வெட்ட ஏலாது. நோவுக்கு மருந்து இருக்கிறது. எவ்வளவு காலம் என்று கேட்டேன்.

"ஆறு மாதம் ரீச்சர். கூடவும் குறையவும் இருக்கலாம்."

சொல்லிவிட்டு அழுதது அவர்தான். லேஞ்சியைக் கொடுத்தேன். "அழாதையும் பிள்ளை. சரியாச் சொன்னீர்" என்றேன்.

நான்காவது வரியை அவர் முன்னாலேயே எழுதிக் கொடுத்தேன். அடித்துத் திருத்தவில்லை. ஒரு சொல்லை மட்டும் திருத்தினேன்.

மார்ச் 14

அதே படகு. அதே கேள்வி. இந்த முறை அவருடைய முகத்தைப் பார்த்து, வெயில் தாழ முந்திப் போயிடுவம் எண்டனான். அவர் தலையாட்டி, சற்று நகர்ந்து, பக்கத்தில் எனக்கு இடம் விட்டார். விழித்தபோது குசினி யன்னலால் காலை வெயில் வந்து தரையில் தண்ணீர் போல ஆடிக்கொண்டிருந்தது.

மார்ச் 17, திங்கள்

இன்று தபாலில் சேர்த்த கடிதத்தின் பிரதி:

அன்புள்ள மகனுக்கு,

டொக்டரிடம் நீ கேட்டுக்கொண்டதற்காக எனக்குக் கோபமில்லை. அதையேதான் நான் உன் அப்பாவுக்குச் செய்தேன். அவர் என்னிடம் கேட்டபோதும் சொல்லவில்லை. இது உனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும்.

எனக்கு ஏறக்குறைய ஆறு மாதம். வருவதானால் சோளகக் காற்றுத் தொடங்குமுன் வா. பிறகு படகு ஆடும், உனக்குச் சத்தி வரும். வர ஏலாதென்றால் அதையும் உள்ளபடி சொல். போனில் வேண்டாம். போனில் நீ அழுவாய், நான் கண்டிப்பேன், இரண்டு பேரும் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிடுவோம்.

எழுத்துப் பிழை இருந்தாலும் நான் திருத்தமாட்டேன். எந்தத் திகதி வருகிறாய் என்று கடிதமாக எழுதிப் பதில் அனுப்பு.